நான் உறை மாட்டிய இயந்திரமும் அக்காவின் நெஞ்சும்

அக்காவைத் தூங்குமூஞ்சி என்று முதலில் சொன்னவர் கங்காணி. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களை வேலை வாங்குகிறவர் அவர். பகல் சாப்பாடு முடிந்து மறுபடி தேயிலை நிரையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அக்காவின் இமைகள் தாமாகவே இறங்கிவிடும். கூடைக் கயிறு தலையில் இருக்க, கை கொழுந்தின்மேல் இருக்க, கண்ணை மூடினாற்போல நிற்பாள். "நின்னுக்கிட்டே தூங்குறா பாரு, தூங்குமூஞ்சி" என்று அவர் மேட்டிலிருந்து கத்துவார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிக்கப் பார்ப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு சரியாக வராது. உதட்டின் ஓரங்கள் மேலே போகாமல், யாரையோ முறைத்துப் பல்லைக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

"பக்கத்து நிரைக்காரி சொல்றா பாப்பா, என் சிரிப்பே மாறிப்போச்சாம்" என்று அவள் போனில் சொன்னாள்.

இதையெல்லாம் நான் போனில்தான் கேட்டேன். நான் வளைகுடா நாடு ஒன்றில், ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். அக்கா இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே, நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அதே அறையில் இருந்தாள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அட்டனில் நான் படித்த காலம் முழுவதும் ஈரப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறியவள். அவளுக்கு ஒரே மகள், உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் தோட்டத்தில் புல்வெட்டு, வடிகாலுக்குக் கான் வெட்டு என்று ஆண்கள் பார்க்கும் வேலைகளுக்குப் போவார். அதிகம் பேசமாட்டார்.

இமை இறங்குவதில் தொடங்கியது அது. பிறகு ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. படியில் கால் வைக்கும்போது எது உண்மையான படி என்று தெரியாமல் ஒரு தடவை உருண்டாள். பிறகு கை. காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் இடத்தில், நன்றாகத்தான் இருப்பாளாம். பனியும் குளிரும் இருக்கிற வரைக்கும் அவள் கை மற்றவர்கள் கைக்குச் சமமாக ஓடும். வெயில் ஏற ஏறக் கை கனக்கும். பின்னேரம் கூந்தலைப் பின்னிக்கொள்ளக்கூடக் கையைத் தூக்க முடியாது. கொழுந்தின் நிறை குறைந்துபோய் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழ ஆரம்பித்தது.

தோட்டத்து மருந்துக் கொட்டிலில் இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். டவுனில் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி போடச் சொன்னார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மந்திரித்து நூல் கட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தாள், கண்ணாடியில் பனி படிந்தது, கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. காலையில் நன்றாக இருக்கிற ஒருத்தி மாலையில் நன்றாக இல்லை என்றால், களைப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? மலையில் யாருக்குத்தான் களைப்பு இல்லை?

அடுத்ததாகப் பேச்சு குழறத் தொடங்கியது. மாலையில் அக்கா பேசினால் மூக்கால் பேசுவது போல இருக்கும். சொல்லின் பின்பாதி கரைந்துபோகும். இமை இறங்கி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடுகிற ஒரு பொம்பளையைப் பற்றி லயத்தில் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா குடிக்கிறாள் என்றார்கள்.

"ஒங்க மாமா ஒருநாளு என் வாய மோந்து பாத்தாரு பாப்பா" என்று அக்கா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. "மோந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லாம வெளிய போய்ட்டாரு."

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நெஞ்சு ஆபரேஷன் நடக்கும் தியேட்டரில்தான் நான் நிற்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் நெஞ்சைத் திறப்பது என்றால் திறப்பதுதான். நடுநெஞ்சு எலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் அறுத்து, இரண்டு பக்கமும் விரித்து, இரும்பு வைத்து நிறுத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு எனக்குப் பழகக் கொஞ்ச காலம் எடுத்தது. பிறகு ரோபோ வந்தது. முதலில் எப்போதாவது ஒரு ஆளுக்கு என்றிருந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு அதுவே வழக்கம். நுரையீரலில் கட்டி, நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி என்று வருகிற பெரும்பாலானவர்களை அதிலேயே செய்கிறார்கள். இப்போது இரண்டாவது இயந்திரமும் வாங்கிவிட்டார்கள்.

ரோபோ என்றால் ஆள் போல நடமாடுகிற ஒன்று என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியில்லை. ஒரு தூண், அதிலிருந்து மடங்கித் தொங்குகிற நான்கு கைகள். காலையில் அந்தக் கைகளுக்குக் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறை மாட்டுவதுதான் என் முதல் வேலை. பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது மாதிரி, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து, கை படாமல் மாட்ட வேண்டும். டாக்டர் நோயாளியின் பக்கத்தில் நிற்கமாட்டார். அறையின் மூலையில் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொள்வார். அவர் விரல் அசைந்தால் நோயாளியின் நெஞ்சுக்குள்ளே நகம் அளவு இடுக்கி ஒன்று அசையும், திரும்பும், முடிச்சுப் போடும். வெளியே விலாப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். எலும்பில் கை வைப்பதில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த ஆள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவளும் கதை கேட்கிற மாதிரி கேட்பாள். "அந்தக் கைக்கு வலிக்காதா?" என்று ஒரு தடவை கேட்டாள். அவள் மகள் பின்னாலிருந்து, "அம்மா, அது மெஷினும்மா" என்று சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒருநாள் காலை ஆபரேஷனுக்கு முந்திய அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஆவணங்களைச் சரிபார்க்கப் போன நான் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். இமைகள் பாதிக்கு இறங்கியிருந்தன. ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசும்போதும் அந்தக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டின் ஓரங்கள் மேலே போகவில்லை.

வீடியோவில் பேசும்போதெல்லாம் அக்கா தாடையைக் கையில் ஏந்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். நான் அதை அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நான் சேர்ந்த புதிதில் என் பேச்சைக் கேட்டு, "நீங்க சிலோன்னு சொல்றீங்க, பேச்சு எங்க பக்கத்துப் பேச்சால்ல இருக்கு" என்று ஆச்சரியப்பட்டவர். எங்கள் தாத்தாவின் தாத்தாவைக் கப்பலில் ஏற்றிய கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் தமிழில்தான் பேசுவார். அந்த டீச்சரின் ஆபரேஷன் முடிந்து அவர் கை கழுவும்போது கேட்டேன்.

"சார், அந்தம்மாவுக்கு ஏன் கண்ணு அப்படி இருக்கு?"

"தசை சோர்ந்துபோற வியாதிம்மா. மூளை சொல்றது தசைக்குப் போய்ச் சேரமாட்டேங்குது. உபயோகிக்க உபயோகிக்கச் சோர்ந்துபோகும், ஓய்வெடுத்தாத் திரும்ப வரும். சிலருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கிற சுரப்பியில கட்டி இருக்கும். அதைத்தான் இப்ப எடுத்தோம்."

"காலையில நல்லா இருந்து, பின்னேரம் மோசமாகுமா?"

அவர் தண்ணீரை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு?" என்று கேட்டார்.

அவர் சொல்லித்தான் அந்த ஐஸ் சோதனையைச் செய்தோம். குளிர் பட்டால் இந்த வியாதியில் இமை கொஞ்ச நேரத்துக்குத் தூக்கும் என்றார். அக்காவின் மகள் கடைக்கு ஓடிப்போய், சர்பத்தைப் பையில் அடைத்து உறையவைத்த ஐஸ் பக்கட் ஒன்று வாங்கிவந்தாள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் அது. அந்தக் குளிரில் ஐஸ் பக்கட்டா என்று கடைக்காரர் கேட்டாராம். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தச் சிவப்பு நிறப் பக்கட்டைச் சீலைத் துணியில் சுற்றி அக்காவின் இடது கண்ணின்மேல் வைத்தாள். நான் இங்கே அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தபோது அந்தக் கண் திறந்திருந்தது. வலது கண் மூடியபடி, இடது கண் மட்டும் பெரிதாக, முழுசாக, என் அக்காவின் பழைய கண்ணாகத் திறந்திருந்தது.

"அம்மா! கண்ணு தெறந்துருச்சு! சித்தி, பாருங்க!" என்று பிள்ளை கத்தினாள். மாமாகூட வாசலிலிருந்து உள்ளே வந்து குனிந்து பார்த்தார். நோய் தீர்ந்துவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. கண்டியில் நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்தவுடனேயே வியாதியின் பேரைச் சொன்னார். மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை போட்டு அரை மணிநேரத்தில் அக்காவின் முகம் கட்டவிழ்த்த மாதிரி ஆகிவிடும். இமை தூக்கும், பேச்சுத் தெளியும். மாத்திரையின் வலு இருக்கும் வரைக்கும் அவள் அக்கா. அது இறங்கும்போது மறுபடி தாடையைக் கையில் ஏந்திக்கொள்வாள். லயத்தில் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குடிக்கிறாள் என்று பேசியவர்களும் வந்தார்கள், தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி கொண்டுவந்தார்கள். கங்காணி, "முன்னமே சொல்லிருந்தா லேசான வேல போட்டுருப்பேனே" என்றாராம். முன்னமே யாருக்கும் தெரியாது என்பதுதானே விஷயம்.

நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படங்களை மகள் போனில் எனக்கு அனுப்பினாள். அக்கா அப்போது நல்ல உற்சாகத்தில் இருந்தாள்.

"கட்டி இருந்தா நல்லதுதானே பாப்பா? ஒங்க மெஷினு எடுத்துரும்ல?"

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா."

"நாலு ஓட்ட தானே? நான் தாங்குவேன். அட்டக்கடி எத்தன தாங்கிருக்கேன்."

எங்கள் டாக்டர் அந்தப் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். முன்னும் பின்னுமாக நகர்த்தினார். இரண்டு தடவை திரும்பப் பார்த்தார். தியேட்டரில் பல வருஷம் நின்றவளுக்கு ஒரு டாக்டரின் மௌனத்தைப் படிக்கத் தெரியும்.

"கட்டி இங்க இருக்கிற பெரிய ரத்தக்குழாயச் சுத்திப் பிடிச்சிருக்கும்மா. பாருங்க, இந்த இடம். நுரையீரலோட உறையிலயும் சின்னச் சின்னதா விழுந்திருக்கு. ரோபோ இதுக்கு ஏத்தது இல்ல. நெஞ்சத் தொறந்து, கண்ணால பார்த்து, கையால தொட்டுத்தான் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுக்கணும்."

"சின்னதா இருந்தப்போ செஞ்சிருக்கலாமா சார்?"

"சின்னதா இருந்தா நல்லா செஞ்சிருக்கலாம்" என்றார். பிறகு, "எவ்வளவு காலமா கண்ணு இறங்குது?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரையை அணைத்தார்.

இதை அக்காவிடம் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தனையோ பேருடைய சொந்தக்காரர்களிடம் எத்தனையோ செய்திகள் சொல்லியிருக்கிறேன். அதற்கென்று சொற்கள் வைத்திருக்கிறோம். அந்தச் சொற்கள் ஒன்றுகூட லயத்துத் தமிழில் இல்லை.

"அக்கா, மெஷின்ல செய்ய ஏலாதாம். அங்க கொழும்புலயே தொறந்துதான் செய்யணுமாம்."

அவள் மாத்திரை போட்டிருந்த நேரம், கண் நன்றாகத் திறந்திருந்தது.

"அது பெரிய எடத்து ஆளுங்களுக்கோ?"

"இல்லக்கா. அதுக்கில்ல. கட்டி பெருசாயிருச்சு. முன்னமே தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கலாம். இப்போ தாண்டிப்போச்சு."

"தோட்டத்து ஆளுக்கு எப்ப முன்னமே தெரிஞ்சிருக்கு?" என்றாள். சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி, பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள்.

நான் லீவு எடுத்து வந்தேன். கொழும்பிலிருந்து ரயிலில் ஏறி, வட்டவளை தாண்டியதும் குளிர் ஜன்னலுக்குள் வந்தது. அட்டனில் இறங்கி பஸ் பிடித்தேன். மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் வண்டிக்காக ஒதுங்கி நின்று நின்று பஸ் போனது. நோயாளியாக இந்தப் பாதையில் ஒருத்தி எத்தனை தடவை இறங்கி ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். லயத்து வாசலில் அக்கா நின்றாள். மெலிந்திருந்தாள். ஆனால் மருந்தினால் முகம் உப்பி, வட்டமாகி, வேறு யாரோ போல இருந்தாள். "ஒனக்காகத்தான் மாத்திரய நேரம் பாத்துப் போட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக வந்தது.

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் கிடைக்கும் வரை காத்திருந்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வியாதிக்காரர்களுக்கு மூச்சு வாங்கச் சக்தி இல்லாமல் போகலாம் என்பதால், செயற்கைச் சுவாசக் கருவியுள்ள கட்டில் ஒன்று காலியானால்தான் செய்வோம் என்றார்கள். அது நியாயமான பேச்சு. இருமுறை நாள் குறித்து இருமுறையும் அந்தக் கட்டில் விபத்தில் வந்தவர்களுக்குப் போனது. அதுவும் நியாயம்தான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அங்கிருந்த டாக்டர் இளம் வயதுக்காரர், சிங்களவர். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் என்னிடம் ரோபோவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வெளிநாட்டில் அதைப் படித்துப் பழகிவிட்டு வந்தவராம். "வந்து இத்தனை காலமாச்சு, இங்கே எனக்கு அந்த மெஷின் இல்லை. கை மறந்துபோகும் என்று பயமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு அக்காவின் கட்டிலுக்குப் போய்க் குனிந்து, "பய வென்ட எப்பா, அக்கே" என்றார். பயப்படாதீங்க அக்கா என்று அர்த்தம். அக்காவுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். கைகூப்பினாள். கை பாதியில் நின்றது, அவ்வளவுதான் தூக்க முடிந்தது.

நான் தியேட்டருக்கு வெளியே வாங்குப் பலகையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நெஞ்சு ஆபரேஷனுக்குக் கதவின் இந்தப் பக்கம் இருந்தேன். உள்ளே எந்தக் கட்டத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். இப்போது தோலைக் கீறியிருப்பார்கள். இப்போது ரம்பத்தை எடுத்திருப்பார்கள். சுவர் தாண்டிச் சத்தம் வராது. ஆனாலும் எனக்குக் கேட்டது. மாமா ஒன்றும் தெரியாதவராகத் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று அவர், "நான் அவ வாய மோந்து பாத்தேன்" என்றார்.

"தெரியும் மாமா."

"சொன்னாளா?"

"சொன்னா. கோவமா சொல்லல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, பாதிக்குமேல் எடுத்துவிட்டதாகவும், ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்ததைத் தொட முடியவில்லை என்றும், தொட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அவர் செய்தது சரிதான். நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் வேறு விதமாக நடந்திருக்காது.

மீதிக் கட்டிக்குக் கதிர்வீச்சு வைத்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்தாள். நெஞ்சின் நடுவில் தொண்டைக் குழியிலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தழும்பு. குளிரில் அது இழுத்து வலிக்கும். அறுத்த எலும்பைக் கம்பியால் கட்டியிருந்ததால் இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவாள். எங்கள் லயத்தில் இருமாமல் இருப்பது எப்படி? விறகடுப்புப் புகை, கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் ஈரம், ஜூன் மாதத்து மழை. நான் இருந்த வரைக்கும் அடுப்பை மகள்தான் பார்த்தாள். அக்கா கதவோரம் உட்கார்ந்து, மலைக்குப் போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

லீவு முடியப்போகும் ஒருநாள் என்னைக் கேட்டாள்: "ஒங்க ஆஸ்பத்திரியில அந்த டீச்சரம்மா இப்ப எப்புடி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கக்கா. மறுபடி வேலைக்குப் போறாங்களாம்."

"பாட்டுச் சொல்லிக் குடுக்குறாங்களா?"

"ஆமாக்கா."

"நல்லாருக்கட்டும்" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் திரும்பிப் போனேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. நான் போய்ச் சம்பாதித்தால்தான் மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபடி காலையில் இயந்திரத்தின் கைகளுக்கு உறை மாட்டினேன். வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் பழக வந்திருந்தார்கள். அவர்களுக்கு எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன். திரையில் ஒருவருடைய நெஞ்சின் உள்பக்கம் பளபளவென்று தெரியும். ரத்தம் ஒரு சொட்டுக் கசிந்தாலும் இடுக்கி போய் அதை ஒற்றும். எவ்வளவு சுத்தமான வேலை! முன்பு அதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ விரிகிற மாதிரி இருக்கும். இப்போது ஒன்றும் இருக்கவில்லை. டாக்டர் கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்காவுக்குச் சளி பிடித்து நெஞ்சுக்குள் இறங்கியது. இந்த வியாதியில் சாதாரணச் சளியும் சாதாரணம் இல்லை. மாத்திரைக்கு மசியவில்லை. முதலில் சோறு விழுங்க முடியாமல் போனது, பிறகு எச்சில். காலையிலேயே வேன் பிடித்திருக்கிறார்கள். வேனில் மகள் அவள் தலையை மடியில் ஏந்தி, ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். சில நாட்கள் அதில் இருந்தாள். கண் திறக்க முடியாது, பேச முடியாது, ஆனால் எல்லாம் கேட்கும். கேட்கிறது என்று நர்ஸ் ஒருத்தி சொல்லி, போனை அக்காவின் காதில் வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. விரலை ஆட்டினாள் என்று பிள்ளை சொன்னாள்.

அவள் போன நேரத்தில் நான் ஓர் ஆபரேஷனில் நின்றிருந்தேன். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. முடிந்து வந்து போன் வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது பிள்ளையின் அழைப்புகள் திரை முழுவதும் இருந்தன. நான் திரும்பக் கூப்பிடவில்லை. உடை மாற்றும் அறையில் அப்படியே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ என்னைத் தேடி வந்து, அடுத்த நோயாளி தயார் என்றார்கள்.

அடக்கத்துக்கு என்னால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. தேயிலைக்கு நடுவில் தோட்டத்து மயானத்தில் புதைத்திருந்தார்கள். நான் போனபோது மண் மழையில் இறங்கிப் பள்ளமாகியிருந்தது. மாமா மண்வெட்டி கொண்டுவந்து நிரவினார்.

அதற்கடுத்த வாரம் அக்காவின் மகள் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள். அவளுடைய உயர்தரப் பரீட்சைக்குக் கொஞ்ச மாதம்தான் இருந்தது.

"சித்தி, நான் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியப் போறேன்."

"என்ன பேசுற நீ? படிப்பு?"

"அம்மா பேருலதான் இந்த வீடு ஓடிச்சு. அப்பாவுக்கு இடுப்பு ஏலாது, அவரு பேர ஓய்வுக்கு எழுதிட்டாங்க. வீட்டுல ஒரு ஆளு வேலைக்குப் போகலன்னா இந்த லயத்துக் காம்பிராவ விட்டுப் போகச் சொல்லுவாங்க. கண்டாக்கையா சொல்லிட்டாரு."

"நான் ஒன்ன கூட்டிட்டுப் போறேன். டவுன்ல ரூம் எடுத்து வைக்கிறேன்."

"அப்பா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை.

பேசினேன். அழுதேன், திட்டினேன். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற அதிகாரியான கண்டாக்கையாவிடம் போய்க் கேட்டேன். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, மரியாதையாக, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அதுவும் பொய்யில்லை.

என் விமானத்துக்கு முந்திய நாள் காலையில் அவள் முதல் தடவையாக மலைக்குப் போனாள். படங்கைக் கட்டத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து இறுக்கிக் கட்டிவிட்டாள். மூடுபனியில் கொஞ்ச தூரம் வரைக்கும் அவள் சிவப்புச் சட்டை தெரிந்தது. நான் பெட்டியை அடுக்கப் போனேன்.